எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்: ஜிடிஎக்ஸ் 1650-ஆ, ஆர்எக்ஸ் 6400-ஆ?

ஒல்லியான பழைய கேபினெட். ஐ5-4570 பிராசசர், 8 ஜிபி ரேம், 240 வாட் பவர் சப்ளை. கார்டுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது. போன மாதம் வீடியோ எடிட்டிங் தொடங்கியதிலிருந்து டைம்லைனை நகர்த்தினாலே படம் உறைந்து, ஒலி மட்டும் ஓடுகிறது. டிரைவரைப் புதுப்பித்தேன், ரேமை இரட்டைச் சேனலாக்கினேன், பிராக்சி கோப்புகளும் (எடிட்டிங்குக்கான தரம் குறைத்த நகல்கள்) வைத்துப் பார்த்தேன். பலனில்லை.

இரண்டு கார்டிலும் 4 ஜிபி நினைவகம்தான். 6400-க்கு 53 வாட் போதும். 1650-க்கு 75 வேண்டும். ஆனால் 6400 நான்கே லேன்களில் (போர்டோடு தரவு பரிமாறும் தடங்கள்) ஓடுவது. என் போர்டில் கார்டு செருகும் இணைப்போ பழைய தலைமுறை பிசிஐஇ 3.0, அதனால் தரவு போகும் பாதை பாதியாகச் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு 6400-இல் வீடியோ என்கோடரே (முடித்த வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதி) இல்லை. எடிட்டிங்குக்கு வாங்குகிறவனுக்கு இது சின்ன விஷயமா? மனம் 1650 பக்கம்தான் சாய்கிறது.

தனி மின் இணைப்பு கேட்காத குட்டை வகை 1650-ஐ இந்த 240 வாட் சப்ளையில் மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓட்டியவர்கள் யாராவது உண்டா, தாங்குகிறதா?