மணிவிழா ஆல்பம் (குடும்பக் குழு)

ராமநாதன் (மாலை 5:50): மணிவிழா பென் டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறியோட நிக்குது. ஒவ்வொண்ணும் 2 கேபி. ஞாயித்துக்கிழமை ஆல்பத்துக்குப் பொறுக்கிக் கொடுக்கணும்

உஷா: ஐயோ, போட்டோ போச்சா?

கார்த்தி: போகல அத்தை. பெரியப்பா, அதைக் கிளிக் பண்ணாதீங்க

ராமநாதன்: பண்ணிட்டேனே. போட்டோ திறந்துச்சு

கார்த்தி: திறக்கும். ஷார்ட்கட் வைரஸ் நிஜ ஃபோல்டரை மறைச்சிட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வைக்கும். தொட்டா வைரஸோட ஸ்கிரிப்டும் (குட்டி புரோகிராம்) ஓடும், போட்டோவும் தெரியும். அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வராது. பென் டிரைவைக் கழட்டுங்க. பேங்க் பாஸ்வேர்டை போன்லேர்ந்து மாத்துங்க

செல்வம்: ஃபார்மட் அடிச்சா முடிஞ்சுது

கார்த்தி: வேண்டாம் மாமா! வேற காப்பியே இல்லை

ராமநாதன்: ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வைரஸ் ஒட்டியிருக்கும். பென் டிரைவை அங்க யார் கொண்டு போனது?

உஷா: மாலை மாத்துற போட்டோவைப் பிரிண்ட் போடச் சொல்லி நீங்கதானேண்ணா இவர்கிட்ட கொடுத்தீங்க

செல்வம்: எப்பவும் நான்தான்

கார்த்தி: பெரியப்பா, சந்தா முடிஞ்ச அந்த ஆன்டிவைரஸை முதல்ல அன்இன்ஸ்டால் பண்ணுங்க. வேற ஆன்டிவைரஸ் இருந்தா விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கிக்கும். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டி, ஸ்கேன் ஆப்ஷன்ஸ், ஆஃப்லைன் ஸ்கேன். ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் ஓடும். விண்டோஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே தேடுறதால ஒளிஞ்சிருக்கிறதும் மாட்டும். முடிஞ்சதும் பென் டிரைவைச் சொருகி, ரைட் கிளிக்ல ஸ்கேன்

ராமநாதன் (இரவு 7:20): எல்லாம் பண்ணிட்டேன். இப்ப டிரைவே காலியா இருக்கு!!

லதா: முருகா

கார்த்தி: ஷார்ட்கட்டைத்தான் அழிச்சிருக்கு. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல வியூ போங்க. 'ஷோ ஹிட்டன் ஃபைல்ஸ்' மட்டும் பத்தாது. கீழே 'ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுங்க. பேரே இல்லாத ஃபோல்டர் தெரியுதா?

ராமநாதன்: மங்கலா ஒண்ணு இருக்கு

கார்த்தி: அதுக்குள்ளதான். போட்டோ (ஜேபிஜி), வீடியோ (எம்பி4) மட்டும் காப்பி எடுங்க. அதுக்கப்புறம்தான் மாமா சொன்ன ஃபார்மட். டிக்கை மறக்காம திரும்பப் போடுங்க

உஷா: இந்த ஆல்பத்துலயாவது நான் இருக்கணும்

ராமநாதன்: பழசைக் கிளறாதே உஷா

கார்த்தி: உங்களுது விண்டோஸ் 10. வழக்கமான சப்போர்ட் (பாதுகாப்பு அப்டேட்) 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. 11-க்கு மாறணும், ப்ராசஸர் பழசுன்னா ஏத்துக்காது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒண்ணு வேணும். காப்பி எடுத்ததும் கழட்டிடணும். சொருகியே வச்சிருந்தா, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வைரஸ் அதையும் பூட்டிடும்

ராமநாதன்: டிஸ்க் யார் வாங்குறது?

செல்வம்: ஞாயிறு பேசிக்கலாம் மச்சான்

லதா: ஆல்பம் எத்தனை பக்கம்?

உஷா: 40 சொல்லுங்க அண்ணி. முதல் பக்கம் அம்மா படம்

ராமநாதன்: காப்பி 62%-ல நிக்குது

கார்த்தி: பெரிய வீடியோவா இருக்கும். கழட்டிடாதீங்க பெரியப்பா