நெட் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறியும் வேகம் 94-க்கு மேல ஏறல, சாயங்காலம் குரலும் உடையுது. உதவி தேவை

கணக்கு_மிஸ் (திண்டுக்கல்):

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஃபைபர் இணைப்பு, எங்க ஏரியா கேபிள்காரர் மூலமா எடுத்தது. முதல்ல 100 எம்பிபிஎஸ் திட்டம். போன மாசம் 200-க்கு மாறினேன். பில்லு ஏறுச்சு, வேகம் ஏறல. ஸ்பீட் டெஸ்ட் எப்ப போட்டாலும் 93, இல்லன்னா 94. காலையிலயும் அதேதான், ராத்திரியும் அதேதான். அப்லோட் 19 வருது, திட்டத்துல 20னு இருக்கு. இதுல ஏதாவது பெரிய ஃபைல் இறக்கினா 11 எம்பிதான் காட்டுது. அப்ப அந்த 94 கூட பொய்யா?

இன்னொரு தலைவலி. துபாய், மஸ்கட்ல இருக்கற பிள்ளைகளுக்கு சாயங்காலம் ஆன்லைன்ல கணக்கு எடுக்கறேன். அவங்க பேசறது எனக்குத் தெளிவாக் கேக்குது. நான் பேசறதுதான் அங்க உடைஞ்சு போகுது. "மிஸ், ரோபோ மாதிரி பேசுறீங்க"ன்னு சிரிக்கறாங்க. தினமும் இல்ல, சில நாள் சுத்தமா இருக்கு.

ஃபைபர் பெட்டி கீழ ஹால்ல இருக்கு. அதுல இருந்து சுவருக்குள்ள போற லேன் ஒயர் மாடிக்கு வருது, மாடியில ரூட்டர். வைஃபை இல்லாம லேப்டாப்பை ரூட்டர்ல ஒயர் சொருகித்தான் எல்லாம் பார்த்தேன். கேபிள்காரர்கிட்ட கேட்டா 300 திட்டத்துக்கு மாறுங்க, சரியாயிடும்கிறார். மாறலாமா?

சும்மா_சுப்பு:

டிஎன்எஸ்ஸை கூகுளோட 8.8.8.8-க்கு மாத்துங்க மேடம். எனக்கு அதுக்கப்புறம்தான் நெட் பறந்துச்சு.

வைகைக்கரை:

ரூட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கா? 2.4-ல இருந்தா பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் மேல விழும், இவ்ளோதான் வரும்.

செப்புக்கம்பி:

வைகை சார், அவங்க ஒயர்ல பார்த்ததாத்தான் எழுதியிருக்காங்க. வைஃபையா இருந்தா நம்பர் 60, 85, 40னு ஆடும். இது ஆடாம ஒரே இடத்துல நிக்குது. சுப்பு, டிஎன்எஸ் ஒரு தளத்தோட பேரைக் குடுத்தா அதோட முகவரியைத் தேடித் தரும், அவ்ளோதான். பக்கம் திறக்க ஆரம்பிக்கறதுல கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். ஃபைல் இறங்கற வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

டீச்சர், 300-க்கு மாறாதீங்க. மாறினாலும் 94தான் வரும்.

முதல்ல அந்த 11. திட்டத்துல சொல்ற எண் மெகாபிட், ஃபைல் இறங்கும்போது காட்டறது மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 94-ஐ 8-ஆல வகுத்தா 11.75. உங்க கம்ப்யூட்டர் 1024 கணக்குல எண்ணிச்சுன்னா 11.2னு காட்டும். அதனால ரெண்டு எண்ணும் உண்மைதான், ஒண்ணேதான்.

அடுத்து அந்த 94. இந்த எண்ணைப் பார்த்த உடனே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. லேன் ஒயர்ல நம்ம டேட்டா பொட்டலம் பொட்டலமாப் போகுது. பெரிய பொட்டலம் ஒண்ணு ஒயர்ல 1538 பைட் இடத்தை அடைக்கும். அதுல முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் போக நம்ம சரக்கு 1448 பைட். கணக்கு மிஸ் நீங்களே வகுத்துப் பாருங்க, 94 சதவீதம் வரும். அப்ப 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல போக முடியாத ஒரு லேன் இணைப்பு உங்க பாதையில எங்கேயோ இருக்கு. கேபிள்காரர் பக்கம் 200 திறந்துதான் விட்டிருப்பார். 100 திட்டத்துல இருந்தப்பவும் இதே 94 வந்ததால உங்களுக்குத் தெரியாமப் போயிருக்கு.

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, ரூட்டர்ல ஒயர் சொருகற போர்ட்டே 100தான். விலை குறைஞ்ச மாடல்ல இன்னமும் அப்படித்தான் வருது. டப்பாவுல வைஃபை 1200னு பெரிசா அச்சடிச்சிருப்பான், பின்னாடி போர்ட் 100ஆ இருக்கும். இன்னொண்ணு, சுவருக்குள்ள போற ஒயர். லேன் ஒயர்ல எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100-க்கு ரெண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நாலு ஜோடியும் வேணும். அந்த மீதி ரெண்டு ஜோடியில ஒண்ணு அறுந்தாலும் ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டு 100-க்கு இறங்கிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

செஞ்சு பாருங்க: ரூட்டரைக் கழட்டி கீழ எடுத்துட்டுப் போங்க. ரூட்டரோட வந்த குட்டி ஒயரால ஃபைபர் பெட்டியில நேரா சொருகி, லேப்டாப்பை அதுல இணைச்சு டெஸ்ட் போடுங்க. 200 பக்கம் வந்தா சுவர் ஒயர்தான். அங்கேயும் 94 நின்னா ரூட்டர் மாடலைச் சொல்லுங்க.

கணக்கு_மிஸ்:

கீழ வச்சுப் பார்த்தேன். 197!! ஒரு மாசமா கேபிள்காரரைத் திட்டிக்கிட்டு இருக்கேன், பாவம் மனுஷன்.

செப்புக்கம்பி:

300-க்கு மாறச் சொன்னாரே, அதுக்குத் திட்டலாம். சுவர்ல பெட்டி இருந்தா கழட்டி, ஜாக்குல எத்தனை கம்பி போயிருக்குன்னு பாருங்க. ஆரஞ்சு, பச்சை ஜோடி மட்டும் இருக்கும்னு நினைக்கிறேன்.

கணக்கு_மிஸ்:

அப்படியேதான் இருக்கு. நீலமும் பழுப்பும் தனியா வெளிய போகுது. அப்பாகிட்ட கேட்டா, வீடு கட்டினப்ப எலெக்ட்ரீஷியன் "சும்மாதானே கிடக்கு"ன்னு அந்த நாலு கம்பியை கேட் இன்டர்காமுக்கு எடுத்துட்டாராம்.

மின்மினி_எலெக்ட்ரிக்கல்ஸ்:

நம்ம தொழில்ல இது சகஜம்ங்க. அப்போ எல்லா வீட்டுலயும் 10, 20 எம்பிபிஎஸ்தான் ஓடுச்சு, நாலு கம்பி தாராளம். இப்ப புதுசா கேட் 6 (Cat 6) வகை லேன் ஒயர் ஒண்ணு இழுத்துடுங்க. பைப்புல இடம் இருந்தா பழைய ஒயர் நுனியிலயே கட்டி இழுத்துடலாம், சுவரை உடைக்க வேணாம். கடையில கேக்கும்போது முழுச் செம்பான்னு கேளுங்க. அலுமினியத்து மேல செம்பு பூசினது பாதி விலைக்குக் கிடைக்கும், வளைச்சா உடையும். ரெண்டு முனையும் ஒரே கலர் வரிசையில கிரிம்ப் பண்ணணும் (பிளக்ல அழுத்திப் பொருத்தறது). லைட்டுக்குப் போற கரண்ட் ஒயர் ஓடற பைப்புல மட்டும் இதைச் சேர்த்து விடாதீங்க. இன்டர்காம் பழைய ஒயர்லயே ஓடட்டும்.

கணக்கு_மிஸ்:

நன்றி அண்ணா. ஒயரை மாத்தினா குரல் உடையறதும் நின்னுடுமா?

செப்புக்கம்பி:

நிக்காது. அது வேற நோய். நீங்க எழுதினதுலயே துப்பு இருக்கு. அவங்க பேசறது உங்களுக்குத் தெளிவாக் கேக்குது, உங்க குரல்தான் அங்க உடையுது. அப்ப வர்ற பாதை நல்லா இருக்கு, போற பாதையில அடைப்பு. உங்க அப்லோட் 20. வீடியோ வகுப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ்ஸே தாராளம். மீதியை யார் தின்னுறாங்க? மாடியில கேமரா ரெக்கார்டிங் கிளவுடுக்குப் போகுதா? யார் போனாவது ஃபோட்டோ பேக்கப் ஏத்துதா?

கணக்கு_மிஸ்:

ஐயோ. தம்பி கல்யாண வீடியோ எடிட் பண்றான். முடிச்ச ஃபைலை சாயங்காலம்தான் டிரைவுல ஏத்துவான். ஒவ்வொண்ணும் 40 ஜிபி இருக்கும். முகூர்த்த நாளுக்கு அடுத்து வர்ற நாள்லதான் எனக்குக் குரல் உடையுதுன்னு இப்பத்தான் உறைக்குது.

செப்புக்கம்பி:

40 ஜிபின்னா 3,20,000 மெகாபிட். 19-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4 மணி 40 நிமிஷம். உங்க வகுப்பு முழுக்க அதுக்குள்ள அடங்கிடும்.

ஆனா வேகம் பங்கு போறது மட்டும் இதுக்குக் காரணம் இல்ல. வெளிய போக முடியாத பொட்டலங்களை ரூட்டரோ ஃபைபர் பெட்டியோ தூக்கிப் போடாம வரிசையில நிறுத்தி வைக்குது. ரேஷன் கடையில உங்களுக்குத் தேவை ஒரு பாக்கெட் உப்புதான், ஆனா முன்னாடி நிக்கறவர் பத்து குடும்ப அட்டையோட வந்திருக்கார். உங்க குரல் பொட்டலம் குட்டியூண்டு, தம்பியோட கல்யாண வீடியோவுக்குப் பின்னாடி நிக்குது. அந்த வரிசையில ஒண்ணரை மெகாபைட் சேர்ந்தாலே 12 மெகாபிட். 20 எம்பிபிஎஸ்ல அது வெளியேற 0.6 நொடி, அதாவது 600 மில்லி செகண்டு. பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும்னு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட பரிந்துரை இருக்கு. திண்டுக்கல்லுக்கும் துபாய்க்கும் நேர்கோட்டுலயே ஏறத்தாழ 2900 கிலோமீட்டர். ஃபைபர்ல ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், அப்ப ஒரு பக்கம் 15 மில்லி செகண்டுதான். கடலைத் தாண்டறதை விட உங்க வீட்டு ரூட்டரைத் தாண்டத்தான் நேரம் ஆகுது!

2010 வாக்குல ஜிம் கெட்டிஸ்னு ஒரு பொறியாளர் தன் வீட்டுல பெரிய ஃபைல் ஏத்தும்போது இதையே பார்த்து ஆராய்ஞ்சார். பஃபர்ப்ளோட்னு பேரு. 2012-ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் அந்த வரிசையை நீளவிடாம வைக்க ஒரு முறை கண்டுபிடிச்சாங்க. அதோட வாரிசுகள் சில ரூட்டர்ல எஸ்கியூஎம்ங்கிற பேர்ல இருக்கு.

சோதிச்சுப் பாருங்க: கமாண்ட் பிராம்ப்ட்ல 8.8.8.8-க்குத் தொடர்ந்து பிங் போட்டு விடுங்க, ஒரு குட்டிப் பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டுன்னு காட்டும் (சுப்பு, உங்க 8.8.8.8 இதுக்கு உதவும்). தம்பி அப்லோட் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திட்டு ஒரு தடவை.

சும்மா_சுப்பு:

ஆகா, நம்மளும் உதவிட்டோம்.

கணக்கு_மிஸ்:

நிறுத்தினா 12, 14. ஓடும்போது 580, 610, நடுவுல ரெண்டு "டைம்டு அவுட்". ரூட்டர்ல எஸ்கியூஎம்னு எதுவும் காணோம்.

செப்புக்கம்பி:

பரவால்ல. கம்ப்யூட்டர்ல ஓடற டிரைவ் செயலியோட அமைப்புல அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். இருக்கற 20 முழுசையும் குடுக்காதீங்க, 12 எம்பிபிஎஸ் விடுங்க. வரிசை கட்டாதவரைக்கும் தாமதம் வராது. ஆனா ஒண்ணு கவனிங்க: வரம்பை எழுதற கட்டம் கேக்கறது கிலோபைட். 12 எம்பிபிஎஸ்னா 1500னு போடணும்.

கணக்கு_மிஸ்:

நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. தம்பி நான் வர்றதுக்குள்ள அவனாவே 12னு போட்டுட்டு, "நாளைக்குக் கூட முடியாது போலக்கா"ன்னு உக்காந்திருந்தான். 1500 போட்டதும் பிங் 20 பக்கம் வந்துடுச்சு. ஆனா இப்ப ஒரு ஃபைலுக்கு ஏழரை மணி நேரம்னு காட்டுதுன்னு அவன் முனகறான்.

செப்புக்கம்பி:

வகுப்பு முடிஞ்ச அப்புறம் வரம்பை எடுத்துட்டு ஏத்தச் சொல்லுங்க. ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சா விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். தொழிலே இதுதான்னா கேபிள்காரர்கிட்ட இறக்கத்தைக் கூட்டச் சொல்லாம, ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே வேகம் தர்ற திட்டம் இருக்கான்னு கேளுங்க. அப்லோட் 50 கிடைச்சாலே 40 ஜிபி ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஏறிடும். 300 திட்டத்துலயும் அப்லோட் 20தான்னா உங்க வீட்டுக்கு அது வெட்டிச் செலவு. விளம்பரத்துல எல்லாரும் டவுன்லோடைத்தான் பேசறாங்க. அரசாங்கத்தோட பிராட்பேண்ட் வரையறையும் அதே கதைதான், 2023-ல 512 கிலோபிட்ல இருந்து 2 மெகாபிட்டுக்கு உயர்த்தினதும் டவுன்லோடுக்குத்தான்.

கணக்கு_மிஸ்:

கேட்டுட்டேன். 100 திட்டத்துலயே ரெண்டு பக்கமும் 100 தர்ற மாதிரி ஒண்ணு வச்சிருக்காராம், இப்ப குடுக்கறதை விடக் கம்மி விலை. அதையே எடுத்துக்கறேன். கேட் 6 இப்போதைக்கு வேணாம்னு அப்பா சொல்றார், 100-க்கு அந்த நாலு கம்பியே போதுமாமே.

மின்மினி_எலெக்ட்ரிக்கல்ஸ்:

அப்பா கணக்கு சரிதான்ங்க. அந்த ஒயர்ல 94 ஏறும், 94 இறங்கும். இன்டர்காமும் தப்பிச்சுது.

புதுசா_வந்தவன்:

இந்த உரையாடல்ல குறுக்கிடறதுக்கு மன்னிக்கவும். எனக்கு 300 திட்டம், ஃபைல் இறங்கும்போது சரியா 11.2 நிக்குது. சுவருக்குள்ள ஒயர் எல்லாம் இல்ல, ரூட்டர் ஃபைபர் பெட்டி பக்கத்துலயே இருக்கு, குட்டி ஒயர்தான்.

செப்புக்கம்பி:

அந்த 11.2-ம் அதே 94தான். குட்டி ஒயரை வேற ஒண்ணு போட்டுப் பாருங்க. லேப்டாப்ல ஈதர்நெட் (லேன் ஒயர்) அமைப்புக்குள்ள லிங்க் ஸ்பீட் 100ஆ 1000ஆன்னு பாருங்க. அது 1000 காட்டினா, ரூட்டர்ல ஃபைபர் பெட்டி ஒயரைச் சொருகற வேன் (WAN) போர்ட்டோட வேகம் என்னன்னு பார்த்துட்டு மாடல் நம்பரோட தனிப் பதிவு போடுங்க.