பாட்டிக்குக் கேட்கும் தூரத்தில் ஓர் இலையுதிர் காலம்

பாட்டி ஒருவரின் பகிர்வு

செப்டம்பர் பிறந்து வெயில் தணிந்துவிட்டால், வார இறுதியில் மகன் குடும்பமும் மகள் குடும்பமும் என்னையும் கூட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் காடு, ஒரு வாரம் ஏரிக்கரை, இன்னொரு வாரம் பூங்காவில் திறந்தவெளிக் கச்சேரி. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கால் இன்னும் நன்றாக நடக்கிறது, காதுதான் சில வருடங்களாக மந்தமாகிக்கொண்டு வருகிறது. இந்த வருடத்து வாரங்கள் எனக்கு ரொம்ப நிறைவாக இருந்தன. காரணம், என் காதுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியே போன இடத்தில் வயதானவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், களைத்துவிட்டார் என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் அது களைப்பே இல்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகளை. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில் வருகின்றன, அவை கேட்டுவிடும். ஸ, ஷ, ஃப போன்றவை நழுவிப் போகும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அதுவும் போச்சு. ஒவ்வொரு தடவையும் "என்ன சொன்னே?" என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா சிரித்து வைப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

என் மகள் செய்த முதல் நல்ல காரியம், எல்லோரும் கூடும் இடத்தைச் சுவர்களுக்குள்ளிருந்து வெளியே மாற்றியது. பெரிய கூடங்களில் ஒலி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். திறந்தவெளியில் அந்த எதிரொலி இல்லை. ஆனால் அங்கே காற்று இருக்கிறது. காது மிஷினின் மைக்கில் காற்று மோதினால் அது ஒரே இரைச்சல். காதை மூடும் மெல்லிய துணித் தொப்பி ஒன்று போட்டுக்கொண்டேன், பாதி தொல்லை போனது. மீதிக்கு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். அப்புறம், நடக்கும்போது என்னோடு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிள்ளை என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே நடந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பேரன் இத்தனை பேசுவான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

காட்டுப் பாதையில் ஒரு மாலை. பேத்தி நின்று, "பாட்டி, சுவர்க்கோழி கத்துது, கேக்குதா?" என்றாள். மிஷினைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக ஒன்றும் இல்லை. திரும்ப மாட்டினேன். புதர் முழுக்க ஒலி! வயல்வெளிச் சுவர்க்கோழியின் குரல் 4,000, 5,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். என் காது முதலில் கைவிட்ட இடம் சரியாக அதுதான். எத்தனை வருடமாக இந்த ஒலி இல்லாமலே மாலை நேரங்களைக் கழித்திருக்கிறேன் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. பேத்தி பயந்துபோய் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் வந்த கண்ணீர் என்று அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. ஆண் சுவர்க்கோழி முன்இறக்கைகளை ஒன்றோடொன்று உரசித்தான் பாடுகிறது. அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது என்பதால் குளிர் கூடக் கூடப் பாட்டின் வேகம் குறையும். ஏமஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1897இல் இதை ஒரு கணக்காகவே எழுதிவைத்தார். செல்சியஸில் கண்டுபிடிக்க எளிய வழி இது: 25 வினாடியில் எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி, மூன்றால் வகுத்து, நான்கைக் கூட்டவேண்டும். 42 என்றால் பதினான்கும் நான்கும் பதினெட்டு டிகிரி. எல்லா வகைச் சுவர்க்கோழிக்கும் பொருந்தாது, மரங்களில் வாழும் சில வகைகளுக்கு நன்றாக ஒத்துவரும். பேரன் கடிகாரம் பார்ப்பான், நான் எண்ணுவேன், பேத்தி வகுப்பாள். வாரம் போகப் போக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. குளிர் வருவதைக் காதாலேயே பின்தொடர்ந்தோம்.

இலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரவு நீளும்போது மரம் இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பை வளர்க்கிறது. பச்சையம் சிதைந்து, அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அதைப் பல மரங்கள் இந்த நாட்களில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. நல்ல வெயிலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சிவப்பு அள்ளிக்கொண்டு போகும். கண்ணுக்கு விருந்துதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது காய்ந்த சருகு காலடியில் நொறுங்கும் சத்தம். ஈரச் சருகு மட்டும் ஆபத்து, வழுக்கிவிடும். மழை பெய்த மறுநாள் நாங்கள் காட்டுப் பக்கம் போகவே மாட்டோம்.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன். பூங்காவில் புல்லாங்குழலும் வயலினும். பேரன் வயலின் கற்கிறான், அதனால் ஆசையாகப் போனோம். ஆரம்பித்ததும் புல்லாங்குழலின் நீண்ட சுரங்கள் எனக்கு நடுங்கி நடுங்கிக் கேட்டன. வாசிப்பவர் சரியாகத்தான் வாசித்தார், மற்றவர்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செவித்திறன் நிபுணரிடம் கேட்டபோது விளக்கினார். மிஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அது விசிலடிக்காமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு ஏற்பாடு உண்டு. நீண்டு நிற்கும் தூய சுரத்தை அது தன் விசில் என்றே நினைத்து அழிக்கப் பார்க்கிறது, அதனால்தான் அந்த நடுக்கம். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார். அதில் அந்தத் தடுப்பின் பிடி தளர்ந்திருக்கும், உரத்ததையும் மெல்லியதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வேலையும் குறைவு. அடுத்த கச்சேரியில் அதற்கு மாற்றிக்கொண்டு கேட்டேன். குழல் குழலாகவே கேட்டது. மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரிந்தது! காது மிஷின் போட்டிருக்கும் பெரியவரை இசை கேட்கக் கூட்டிப்போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள். பல மிஷின்களில் இந்த வசதி இருந்தும், கேட்டால்தான் போட்டுத் தருகிறார்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். கிட்டே போகவேண்டும், ஆனால் ஒலிபெருக்கியின் முன்னால் வேண்டாம். வாசிப்பவரின் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். வில் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே காதுக்குப் பாதி வேலை குறைகிறது.

கடைசியாக, பாடுவது. காரில் பாடிப் பார்த்தோம். சக்கர இரைச்சலில் எனக்கு ஒருவர் குரலும் பிடிபடவில்லை. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து பாடியது அத்தனை அழகாக வந்தது. வயதானால் பெண்களின் குரல் தாழ்ந்துபோகும், குழந்தைகளின் குரலோ மேலே இருக்கும். என் சுருதியில் பேத்தி பாடினால் அவளுக்குக் கீழே எட்டாது, அவள் சுருதியில் எனக்கு மேலே எட்டாது. நான் கீழ் ஸ்தாயியில் பாட, அவள் அதையே மேல் ஸ்தாயியில் பிடித்துக்கொண்டாள். ஒரே பாட்டு, ஒரே சுருதி, இரண்டு உயரம். என் அம்மா எனக்குப் பாடிய தாலாட்டு இப்போது அவளுக்கு முழுசாகத் தெரியும்.

மருமகள் ஒருவர்

அம்மா, உங்கள் பகிர்வை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் அத்தைக்கு மறதி நோய். எந்த ஊரில் இருக்கிறோம், கூட வருவது யார் என்பதெல்லாம் வரும், போகும். ஆனால் போன வாரம் ஏரியைச் சுற்றி நடந்தபோது சிறுவயதுப் பாட்டு ஒன்றை நான் முணுமுணுக்க, அத்தை அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சரணம் முழுக்க அவரேதான் பாடினார். என் பெயர் நினைவில் இல்லாதவர் நான் தப்பாகப் பாடிய சொல்லைத் திருத்தினார்!

டாக்டரிடம் சொன்னேன், அவர் ஆச்சரியப்படவில்லை. நன்கு பழகிய பாட்டை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் மற்ற பகுதிகளை விடக் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்று 2015இல் பிரெய்ன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. எங்கள் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் கேட்ட பாட்டுகளைத் தேடிப் போடுங்கள், அவைதான் ஆழமாகத் தங்கியிருக்கின்றன. புதுப் பாட்டு அத்தையிடம் ஒட்டவே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செப்டம்பர் 22, 23ஐ ஒட்டிய வாரங்களில்தான் பகல் மிக வேகமாகச் சுருங்குகிறது. பொழுது சாயும் நேரத்தில் மறதி நோயாளிகள் பலருக்குப் பதற்றம் கூடும், அத்தைக்கும் அப்படித்தான். அதனால் எங்கள் வெளிப்பயணம் எல்லாம் காலையில்தான். வெளிச்சம் மங்குவதற்குள் வீடு திரும்பி, எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம்.

செவித்திறன் துறையில் வேலை செய்பவர்

இரண்டு பேருக்கும் நன்றி. பாட்டி எழுதியதில் என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

புது மிஷினை வாங்கிய அன்றே கச்சேரிக்குக் கூட்டிப்போகாதீர்கள். பல வருடம் கேட்காத ஒலிகள் திடீரென்று திரும்பும்போது மூளைக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் தெரியும், பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாளே கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், மனம் வெறுத்து மிஷினை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் அமைதியாக இரண்டு பேர் பேச்சு, பிறகு தோட்டம், பிறகு காட்டு நடை, கடைசியில் கச்சேரி என்று படிப்படியாகப் போகலாம்.

மூடிய அரங்கில் நிகழ்ச்சி என்றால், அங்கே ஒலி வளையம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மேடை மைக்கில் விழும் ஒலி, அரங்கைச் சுற்றிப் போட்ட கம்பி வழியாகக் காந்தப் புலமாக மாறி, மிஷினுக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சின்னச் சுருளுக்கு நேராக வந்துவிடும். நடுவில் எதிரொலியும் இல்லை, பக்கத்து இருமலும் இல்லை. காதுப் படமும் டி என்ற எழுத்தும் போட்ட பலகை வாசலில் இருக்கும். எல்லா மிஷினிலும் டெலிகாயில் கிடையாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால், வயதுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம், உடனே சிகிச்சை தேவைப்படும் பிரச்சினையாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பேரன் ஒருவர்

என் பாட்டி பாடுவதைப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். வெளியில் எடுத்தால் காற்று எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று ஆரம்பத்தில் வீட்டுக்குள்ளேயே எடுத்தேன். ஆனால் வீட்டில் பாட்டி கூச்சப்படுகிறார், நாலு வரியில் நிறுத்திவிடுகிறார். மரத்தடியில் என்றால் தானாகவே பாடுகிறார். அதனால் இப்போது மைக்கின் மேல் மெல்லிய பஞ்சு உறை மாட்டி, பாட்டியின் வாய்க்குப் பக்கத்தில் சட்டையில் குத்திவிடுகிறேன். பாட்டுக்கு முன்னால் "இது யார்கிட்ட கத்துக்கிட்டீங்க பாட்டி?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவேன். அந்தப் பதில்களே தனிப் பொக்கிஷம். பாட்டி, உங்கள் பேத்தியோடு இரண்டு ஸ்தாயியில் பாடுவதையும் யாராவது பதிவு செய்கிறார்களா?

மீண்டும் பாட்டி

இல்லை தம்பி, செய்யவில்லை. இந்த வாரமே மகனிடம் சொல்லிச் செய்யச் சொல்கிறேன். பஞ்சு உறை நல்ல யோசனை. செவித்திறன் பற்றி எழுதியவருக்கும் நன்றி. அடுத்த நிகழ்ச்சி மூடிய அரங்கில்தான், டிக்கெட் எடுக்கும் முன் ஒலி வளையம் பற்றி விசாரிக்க மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள். என் மிஷினில் டெலிகாயில் இருக்கிறதாம், இன்றுதான் பெட்டிக்குள் இருந்த தாளில் பார்த்தோம். மருமகள் அம்மா, உங்கள் அத்தை எந்தச் சரணத்தைப் பாடினார் என்று எழுதுங்கள், எனக்கும் அது தெரிந்திருக்கக்கூடும்.