தூள் உப்பில் மீன் சாகுமா? வெள்ளைப்புள்ளிக்கு எந்த உப்பு?

நொய்யல்காரன்:
மீன் உடம்பில் ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளிச் சீக்கைப் பற்றி நேற்று ஒருத்தர் இங்கே எழுதியிருந்தார்: "வெள்ளைப்புள்ளிக்குக் கல்லுப்பு மட்டும்தான் போட வேண்டும். தூள் உப்பில் அயோடின் இருக்கிறது, மீன் செத்துவிடும்." படித்ததும் பொறுக்கவில்லை. திருப்பூரில் 14 வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன், வீட்டு உப்புதான் போடுகிறேன். கணக்கைப் பாருங்கள். கடை உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். 50 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 கிராம் வீதம் 100 கிராம் உப்பு. அதில் அயோடின் ஒன்றரை மில்லிகிராம். இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 50 லிட்டரில் அது எந்த மூலைக்கு? இப்படிப் பயமுறுத்தியே புதுசா மீன் வளர்க்கிறவர்களைக் கெடுக்கிறார்கள்.

பவானிக்கரை:
அந்த ஒருத்தர் நான்தானுங்க. பேர் சொல்லியே திட்டியிருக்கலாம். போன மார்கழியில் தூள் உப்பு ஒரு கைப்பிடி போட்டேன். மறுநாள் காலையில் ஆறு மோலி மீனில் நாலு செத்து மிதந்தது. பக்கத்துத் தொட்டிக்குக் கல்லுப்பு ஒரு கைப்பிடி, ஒன்றும் சாகவில்லை. உங்கள் கணக்கு என் மீனுக்குத் தெரியாதுங்க.

நொய்யல்காரன்:
கைப்பிடி என்பது ஒரு அளவா அக்கா? கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும், தூள் அடர்த்தியாக உட்காரும். அதே கையில் தூள்தான் எடை கூட வரும். நீங்கள் போட்டது கூடுதல் உப்பு. அயோடின் மேல் ஏன் பழி? கல்லுப்பிலும் இப்போது அயோடின் சேர்த்து விற்கிறார்கள், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

சிறுவாணித் தண்ணி:
அண்ணா, ஒன்று இடிக்கிறது. மோலி கழிமுகத்தில் வாழும் மீன், பழக்கினால் கடல் தண்ணீரிலேயே இருக்கும். கைப்பிடி உப்பு கூடியதற்கா சாகும்?

பவானிக்கரை:
அப்படிச் சொல்லுங்க தம்பி! உப்பில் மோலி சாகாது. அப்போ சாகடித்தது அயோடின்தானே? இதைத்தானே நானும் சொன்னேன்.

நொய்யல்காரன்:
அயோடின் இல்லை. கணக்கு மேலே இருக்கிறது, மறுபடி படியுங்கள். ஒன்றரை மில்லிகிராம்.

பொள்ளாச்சி ஃபைட்டர்:
அக்கா, சாகும் முன்னால் மோலி எப்படி இருந்தது? உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரியா, இல்லை வாயோரம் பஞ்சு ஒட்டின மாதிரியா?

பவானிக்கரை:
வாயோரம்தான் வெள்ளையாக இருந்தது. ஹீட்டரை 30 டிகிரியில் வைத்தேன், உப்பும் போட்டேன்.

பொள்ளாச்சி ஃபைட்டர்:
அது வெள்ளைப்புள்ளியே இல்லை. பஞ்சு மாதிரி வாயில் வருவது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியாச் சீக்கு. சூடு ஏற ஏற அது வேகமாகத் தின்னும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்குத்தான் 30 டிகிரி ஆகாது. இரண்டையும் ஒரே சீக்கு என்று நினைத்தால் மீன் போய்விடும்.

பவானிக்கரை:
வெள்ளையாக இருந்தால் வெள்ளைப்புள்ளிதானுங்க. எங்க அப்புச்சி கிணற்று மீனுக்கே கல்லுப்புதான் போடுவார்.

நொய்யல்காரன்:
அப்புச்சி போட்டபோது கடையில் அயோடின் உப்பே கிடையாது. இது எப்படி ஆதாரம் ஆகும்?

ஈரோடு புதுத்தொட்டி:
அண்ணா, என் கோல்டு ஃபிஷ் இரண்டுக்கும் வால், உடம்பு எல்லாம் புள்ளி. கல்லில் போய் உரசுது. மூணு நாள் நீல மருந்து விட்டேன், போயிருச்சு. நிறுத்திட்டேன். இப்போ முன்னைவிட அதிகமா வந்திருக்கு.

நொய்யல்காரன்:
தம்பி, கவனமாகக் கேள். புள்ளி மறைந்தது மருந்தால் மட்டும் இல்லை. மீன் தோலுக்கு அடியில் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை மருந்தும் தொடாது, உப்பும் தொடாது. வளர்ந்ததும் தானாகக் கழன்று தொட்டி அடியில் போய் ஒட்டி, கூடு கட்டி, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும், இரண்டு நாளுக்குள் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அப்போதுதான் அடிக்க முடியும். 25 டிகிரியில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் விடாமல் வைத்தியம் பண்ணு. அடிமணலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடு, எடுத்த தண்ணீருக்குத் தக்க உப்பைச் சேர். லிட்டருக்கு 2 கிராம், தராசில் நிறுத்து, ஒரே நாளில் கொட்டாதே, இரண்டு நாளில் கரைத்து விடு. தூள் உப்பே போதும்.

பவானிக்கரை:
தூள் உப்பு வேண்டாம் தம்பி. பாவம் அந்த மீன்.

சிறுவாணித் தண்ணி:
கோல்டு ஃபிஷ் தொட்டியைச் சூடாக்கிவிடாதே. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஏர் பம்பைக் கூட்டி வை. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடு, மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். இதெல்லாம் எங்கள் கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீருக்கு அதிகம் தேவைப்படாது, மீன் அவ்வளவு நன்றாக இருக்கும்.

நொய்யல்காரன்:
வந்துட்டார் சிறுவாணிப் பெருமையோடு. தாது உப்பு குறைந்த அந்த மென்தண்ணியில் மோலி வைத்துப் பாருங்கள், ஒடுங்கிக்கொண்டு ஆடும். எங்கள் போர் தண்ணீர் கடினம், மோலி குட்டி போட்டுத் தள்ளுகிறது. வெள்ளைப்புள்ளி வருவது ஆடிக் காற்றிலும் மார்கழிக் குளிரிலும் தொட்டி ஒரே ராத்திரியில் குளிர்ந்து மீன் தளர்வதால்தான். புதுமீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் கொட்டுவதும் ஒரு காரணம். தண்ணீர்ப் பெருமையெல்லாம் அதைத் தடுக்காது.

சிறுவாணித் தண்ணி:
புதுமீனைப் பற்றி நீங்கள் பேசலாமா? இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜோடி என்று சொல்லி எனக்கு இரண்டு ஏஞ்சல் மீன் விற்றீர்கள். நாலாம் நாள் தொட்டி முழுக்கப் புள்ளி. என் கோரி மீன் மூன்றும் அதில்தான் போனது.

நொய்யல்காரன்:
கோரி போனது உப்பு தாங்காமல். செதிள் இல்லாத மீனுக்குப் பாதி அளவுதான் என்று அன்றைக்கே சொன்னேன். என் தொட்டியில் புள்ளியே இல்லை.

சிறுவாணித் தண்ணி:
சொல்லவே இல்லை. இருநூறு ரூபாயும் திருப்பித் தரவில்லை.

பொள்ளாச்சி ஃபைட்டர்:
ஏனுங்க, அந்தத் தம்பியின் தொட்டி எத்தனை லிட்டர் என்று யாராவது கேட்டீர்களா? மீன் கழிவில் சேரும் அமோனியா தண்ணீரில் எவ்வளவு என்று பார்த்தானா? மீன் மேலே வந்து வாய் திறக்கிறதா?

ஈரோடு புதுத்தொட்டி:
இரண்டடித் தொட்டி. மேலே வந்து வாய் திறக்குது அண்ணா. தண்ணி மாத்தி ரெண்டு வாரம் ஆச்சு.

நொய்யல்காரன்:
இரண்டடி என்றால் ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு 56 லிட்டர், கல்லும் மேல் இடமும் போக 50. நான் சொன்ன அதே 100 கிராம். குளோரின் எடுத்த தண்ணீரில் கால்வாசி மாற்றிவிட்டுப் போடு. அக்கா, இன்றைக்கு ராத்திரி இரண்டு உப்பையும் கைப்பிடி கைப்பிடியாகத் தராசில் வைத்துப் படம் போடுகிறேன்.

பவானிக்கரை:
போடுங்க. எடைதானுங்க தெரியும், அயோடின் தெரியாது. என் வீட்டில் கல்லுப்புதான்.

நொய்யல்காரன்:
ஒன்றரை மில்லிகிராம் அக்கா. 50 லிட்டரில் ஒன்றரை மில்லிகிராம். ஏஞ்சல் விஷயத்தைத் தனியாகப் பேசலாம், அந்த மீன் நன்றாகத்தான் இருந்தது.