கோஃபர் வேட்டை: கனடாவின் சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா பண்ணைகளில் நம்மவர்கள் பார்த்தது

மருதநிலத்தான் (ஸ்விஃப்ட் கரன்ட் பக்கம்):

கோஃபர் (வளை தோண்டி வாழும் தரை அணில்) தொல்லை என்று பேச்சு எடுத்தாலே "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். எப்போது சுடுவது என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் முக்கியம்.

நான் வேலை பார்க்கும் பண்ணையில் மைசூர்ப் பருப்பு, கனோலா (எண்ணெய்க்குப் பயிரிடும் கடுகு வகை), கோதுமை. ஒரு பக்கம் மாட்டுக்கு மேய்ச்சல். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, தரையில் பனி கிடக்கும்போதே ஆண் கோஃபர் வளையைத் திறந்துகொண்டு மேலே வந்துவிடும். பெண் வர இரண்டு வாரம் ஆகும். வந்த சில நாளிலேயே சினை பிடித்து, மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சுமந்து, ஆறு முதல் எட்டுக் குட்டி வரை போடும். ஆனால் வருஷத்துக்கு ஒரே ஈற்றுதான். நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலெலியைப்போல ஓயாமல் ஈன்றுகொண்டே இருக்காது. ஆகவே ஏப்ரல் தொடக்கத்துக்குள் ஒரு பெண்ணைச் சுட்டால் ஒரு குடும்பமே கணக்கில் குறைகிறது.

ஊர்க்காரர்கள் வருவதோ ஜூனில். குட்டிகள் வளை வாசலில் கூட்டமாக நிற்கும். பயம் தெரியாத வயசு, சுடுவது சுலபம், பொழுதும் நன்றாகப் போகும். பண்ணைக்கு லாபம் குறைவு. அந்தக் குட்டிகளில் பெரும்பங்கு எப்படியும் அடுத்த வசந்தத்தைப் பார்க்கப்போவதில்லை. ஜூலை வந்தால் மேலே ஒரு பெரிய ஆண்கூடக் கண்ணில் படாது. "அடிச்சு ஒழிச்சுட்டோம்" என்று பக்கத்துப் பண்ணைக்காரர் வருஷா வருஷம் சொல்வார். எங்கே ஒழிந்தது? ஆண்கள் அதற்குள் கீழே தூங்கப் போயாச்சு. அடுத்து தாய்கள் போகும், குட்டிகள் கடைசியில் போகும்.

சேதம் எப்படி என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மே கடைசியில் கனோலா இரண்டு வித்திலையோடு நிற்கும். கோஃபர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டை முன்னங்கால் இரண்டாலும் பிடித்து, வித்திலைக்குக் கீழே ஒரு கடி. அதோடு சரி. குருத்து மேலே இருப்பதால் அந்தச் செடி திரும்ப வராது. கோதுமைக்குக் குருத்து அந்தப் பருவத்தில் மண்ணுக்குள் இருக்கும், தழைத்துவிடும். மைசூர்ப் பருப்பும் மண்ணுக்குள் இருக்கிற கணுவிலிருந்து மறுபடி கிளைக்கும், ஆனால் விட்டு விட்டுக் கடித்தால் அதுவும் எத்தனை தடவை கிளைக்கும்? மேய்ச்சல் தரையை ஒட்டிய ஓரத்தில் தொடங்கி அரைவட்டமாக உள்ளே மேய்ந்துகொண்டே போகும். ட்ரக்கில் போகும்போதே அந்த மொட்டை அரைவட்டங்களைக் காட்டி "அதோ, அங்கே காலனி" என்று சொல்லிவிடலாம்.

சுடும் முறை எளிதுதான். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒவ்வொன்றாகத் தலை காட்டும். ஓடுகிற கோஃபரைப் பார்த்து ஒரு சீழ்க்கை அடித்தால் நின்று, பின்னங்காலில் நிமிர்ந்து, யார் என்று பார்க்கும். எழுபது, எண்பது மீட்டருக்குள் 22 ரகச் சிறு துப்பாக்கி போதும். அதற்கு மேல் காற்று இங்கே விடாது, இன்னும் வேகமாகப் போகும் 17 எச்எம்ஆர் ரகத் தோட்டா வேண்டும். உறைந்த தரையிலும் கல்லிலும் பட்டு 22 தோட்டா திசைமாறிப் பறக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சமதரை என்று பேர், அரை மைலுக்கு அப்பால் வீடும் மாடும் இருக்கும். பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் நான் விசையைத் தொடமாட்டேன்.

புரூக்ஸ் தம்பி (ஆல்பர்ட்டா):

அண்ணை, நல்லாய் எழுதியிருக்கிறீங்கள். எங்கட அம்மா வைக்கிற பருப்புக்கறிக்கு இலங்கைக்குப் போற மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு உங்கள் பக்கத்து வயலிலிருந்துதான் போகுது. அதனால் இந்தக் கோஃபரோடு எங்களுக்கும் சொந்தக் கணக்கு உண்டு.

என்னோடு வேலை செய்யிற பெடியன் ஒருத்தனின் மாமாவுக்குப் புரூக்ஸுக்கு வடக்கே மாட்டுப் பண்ணை. அங்கே போனபோது நான் பார்த்த ஒரு விஷயத்தை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் ஒன்றைச் சுட்டு விழுத்தினான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வளையிலிருந்து இன்னொன்று வந்து மணந்து பார்த்தது. பாவம், துக்கம் விசாரிக்குதாக்கும் என்று நினைத்தேன். அது செத்ததைத் தின்னத் தொடங்கிவிட்டது! மாமா சிரித்துவிட்டு, ரோட்டில் அடிபட்டதைத் தின்னப் போய் அடுத்ததும் அடிபடும், ஒரே இடத்தில் வரிசையாகக் கிடக்கும் என்றார். புல் தின்னி என்று இனிச் சொல்லமாட்டேன்.

அவருக்குக் கோபம் பயிரால் இல்லை, பொந்தால்தான். வைக்கோற்புல் வெட்டும்போது மண்மேடு கத்தியில் ஏறி பிளேடு போகும். குதிரை ஓடும்போது கால் உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்று கேட்கவேண்டும். யாரின் காணியிலும் நின்று சுடலாமா?

ரெஜைனா அக்கா:

தம்பி, கூடவே கூடாது. சஸ்காட்சுவானில் 2022 ஜனவரி முதல், நிலத்தில் அறிவிப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஆல்பர்ட்டாவிலும் சொந்தக்காரரைக் கேட்காமல் வேலிக்குள் கால் வைக்காதே. கேட்டால் பெரும்பாலும் காபியும் கொடுத்து அனுப்புவார்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவா, அது போதும்.

விவசாயிகளுக்குப் பயிர் ஆலோசனை சொல்வது என் வேலை. அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் கேட்ட கதைகள் நிறைய. 1917 மே 1ஆம் தேதியை சஸ்காட்சுவானில் கோஃபர் நாளாக அறிவித்து, பள்ளிப் பிள்ளைகளை வயலில் இறக்கிவிட்டார்கள். 980 பள்ளிகள், 5 லட்சத்துக்கு மேல் கோஃபர். போர்க்காலம், ஒவ்வொரு கோதுமை மணியும் நாட்டுக்கு என்ற பேச்சு. இவ்வளவு கொன்றும் கோஃபர் குறைந்ததா என்று இப்போது போய்ப் பாருங்கள். 2002 வறட்சியில் சஸ்கட்டூனில் வாலைக் கணக்குக் காட்டிப் பரிசு வாங்கும் போட்டிகூட நடந்தது. வெளியூர்ப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, விவசாயிகளோ சீட்டு வாங்க நின்றார்கள்.

உண்மையில் இங்கே நூறு வருஷமாக வேலை செய்தது துப்பாக்கி இல்லை, ஸ்ட்ரிக்னைன். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம்தான். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று பாட்டி சொன்ன அந்த மரத்தின் விஷத்தை இங்கே ஓட்ஸில் கலந்து வளைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. தின்ற கோஃபர் மேலே வந்து செத்தால், அதைத் தின்னும் நரிக்கும் கழுகுக்கும் அதே கதி. அதனால்தான் கனடா சுகாதாரத் துறை 2020இல் அனுமதியை ரத்துசெய்தது. கையிருப்பைப் பயன்படுத்தும் கெடுவும் 2023 மார்ச்சோடு முடிந்தது. சஸ்காட்சுவானின் தென்மேற்கில் இதைப் பேசினால் இன்றைக்கும் மேசை அதிரும். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வறட்சி வருஷத்தில் ஒரு குவார்ட்டர் (160 ஏக்கர்) கனோலாவில் ஓரம் முழுக்கப் போனால் அந்த நஷ்டம் அவர்கள் தலையில்தான்.

இப்போது கைவசம் இருப்பதில் நமக்குப் பழகிய பெயர் சிங்க் பாஸ்பைடு. டெல்டாவில் எலிக்கு வைப்பதுதான். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும், செத்த உடலில் விஷம் அதிகம் தங்காது. ஆனால் பச்சைப் புல் தலைகாட்டிவிட்டால் கோஃபர் தானியத்தைச் சீண்டாது. ஆகவே மருதநிலத்தான் துப்பாக்கிக்குச் சொன்ன காலம்தான் விஷத்துக்கும். ஏப்ரல் நடுவில் எனக்குப் போன் போட்டு "வைத்தேன், தின்னவே இல்லை" என்பவர்களிடம் வெளியே புல் என்ன நிறம் என்று கேட்பேன்.

பருந்துப் பைத்தியம் (லெத்பிரிட்ஜ்):

நான் சுடுவதில்லை. திட்டவும் வரவில்லை. ஆனால் இந்தப் பேச்சில், கோஃபரைத் தோண்டிப் பிடித்துத் தின்னும் பேட்ஜர் என்ற பிராணிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

இங்கே லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கெயில் மிச்சனர் என்ற பேராசிரியை பல பத்தாண்டுகள் கோஃபருக்குப் பின்னாலேயே அலைந்தவர். பெண் கோஃபர் ஆணை ஏற்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதிலும் சில மணி நேரம் என்று கண்டுபிடித்தவர். பேட்ஜர் பற்றி அவர் பதிவுசெய்ததுதான் எனக்குப் பிடித்தது. தோண்ட ஆரம்பிக்குமுன் பேட்ஜர் மற்ற வாசல்களை மண் தள்ளி அடைத்துவிடுமாம். போன செப்டம்பரில் மேய்ச்சல் தரையில் நானே ஒன்றைப் பார்த்தேன். பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு மண்ணை வாரி ஒரு பொந்தை மூடியது, நிதானமாக நடந்து அடுத்த பொந்துக்குப் போனது, அதையும் மூடியது. பிறகுதான் நடுவில் இறங்கித் தோண்டியது. மண் பறந்ததைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்தபோது வாயில் கோஃபர். எலிக்கு மற்ற வளைகளை அடைத்துவிட்டு ஒரு வாசலில் புகைபோடும் நம் ஊர் இருளர்கள் அதைப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

அந்த பேட்ஜரைப் பண்ணைக்காரர்கள் சுடுகிறார்கள், குழி பெரிதாகத் தோண்டுகிறதாம். அது எனக்குப் புரியவே இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து வரும் ஸ்வெயின்சன் பருந்தும் இங்கே குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் கோஃபரை நம்பித்தான். ஆகவே சுடுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஈயத் தோட்டாவால் சுட்டதை வயலில் விடாதீர்கள். துகள் உடம்பெல்லாம் சிதறிக் கிடக்கும், அதைத் தின்னும் பருந்துக்கு அது விஷம். அல்லது ஈயமில்லாத தோட்டா வாங்குங்கள். விலை அதிகம்தான்.

மருதநிலத்தான்:

ஈயம் பற்றிச் சொன்னது சரி, நாங்கள் பொறுக்கிக் குழியில் புதைக்கிறோம். பேட்ஜரை எங்கள் முதலாளி தொடவிடமாட்டார், அதற்கு அவர் வைத்திருக்கும் பெயரே "சம்பளம் வாங்காத ஆள்".

இன்னொன்று. கோஃபருக்குத் தூரம் தெரியவேண்டும். ஒட்ட மேய்ந்த தரைதான் அதற்குப் பிடிக்கும், புல் உயர்ந்தால் நரி வருவது தெரியாது என்று இடத்தைக் காலிசெய்யும். போன வருஷம் கனோலாவை ஒட்டிய மேய்ச்சல் ஓரத்தில் மின்வேலி போட்டு மாட்டை விடாமல் வைத்தோம். மழையும் பெய்தது, புல் முழங்கால் அளவு வந்தது. அந்த ஓரத்தில் மொட்டை அரைவட்டம் விழவில்லை. மழை இல்லாத வருஷத்தில் இது நடக்காது, புல்லுக்கு எங்கே போவது? துப்பாக்கியும் விஷமும் அப்போதுதான் வேலைக்கு வருகின்றன.

கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா பக்கம் போகிறவர்கள் கவனம். அங்கே நிற்பது ப்ரேரி டாக் என்ற வேறு தரை அணில், வால் நுனி கருப்பு, உடம்பும் பெரிது. சட்டப் பாதுகாப்பு உள்ள பிராணி. கோஃபர் என்று நினைத்துச் சுட்டால் வழக்குதான்.

புரூக்ஸ் தம்பி:

நன்றி அண்ணை, அக்கா. துப்பாக்கி உரிமத்துக்கு எவ்வளவு நாள் ஆகும்? இந்த மார்ச்சுக்குக் கிடைக்குமா?

ரெஜைனா அக்கா:

முதலில் பாதுகாப்பு வகுப்பு. எழுத்துத் தேர்வும் உண்டு, துப்பாக்கியைக் கையாண்டு காட்டும் தேர்வும் உண்டு. தேறியபின் விண்ணப்பம். முதல் தடவை என்றால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு சட்டப்படியே உண்டு, அதற்கு மேலும் இழுக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வகுப்பை முடித்துவிடு. இல்லாவிட்டால் நீயும் ஜூன் கூட்டத்தோடு சேரவேண்டியதுதான்.