வலப்பக்கம் திரும்பும்போது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஆரையம்பதி

அம்மா ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் ஸ்கூட்டி பழகினார். பிரேக், பேலன்ஸ் எல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டன. பயம் முழுக்கச் சுற்றுவட்டத்தில். "எந்தப் பக்கத்தால பிள்ள போற?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கோயில் வீதியைச் சுற்றுகிற மாதிரிப் போங்கள் அம்மா, சாமி உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்றேன். இலங்கையில் இடப்பக்கம் ஓட்டுவதால் நம் சுற்றுவட்டங்கள் எல்லாவற்றையும் வலமாகத்தான் சுற்றுகிறோம். அன்றோடு அந்தக் கேள்வி நின்றது. வட்டத்துக்குள் நுழையும்போது வலப்பக்கத்தால் வருகிறவருக்கே வழி என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

எனக்குப் பயம் கல்முனை வீதிதான். மட்டக்களப்பில் இருந்து தெற்கே வரும்போது கடல் இடப்பக்கம், வாவி வலப்பக்கம். வாவிப் பக்க ஒழுங்கைகளில் வீடு உள்ளவர்கள் தினமும் வலப்பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். நடுவீதியில் சிக்னல் போட்டபடி நிற்போம். பின்னால் ஒன்றையொன்று முந்திக்கொண்டு இரண்டு பஸ் வரும். முந்துகிற பஸ் வலப்பக்கமாக எடுக்கும், நாம் நிற்பதும் அங்கேதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணன் இப்படி அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அதனால் அம்மாவுக்கு நான் பழக்கியது வேறு. ஒழுங்கைக்கு எதிரே இடப்பக்க ஓரத்தில் முழுதாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் வெறுமையான பிறகு குறுக்கே கடவுங்கள். யார் ஹோர்ன் அடித்தாலும் அவசரப்பட வேண்டாம். எதிரே வரும் பஸ் லைட் அடித்தால் நம்மைப் போகச் சொல்கிறது என்று நினைக்கவே கூடாது. நம் வீதிகளில் பெரும்பாலும் அது தான் நிற்கப்போவதில்லை என்றுதான் சொல்கிறது.

காத்தான்குடியில் நடுவே ஈச்ச மரம் நட்ட பகுதியில் இன்னொரு சிக்கல். திரும்பும் இடைவெளி வரை போக மனமில்லாமல் சிலர் ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். கடையில் இருந்து வீதியில் இறங்குகிறவர் வலப்பக்கம்தானே பார்ப்பார்!

சாய்ந்தமருது

ஆரையம்பதித் தங்கச்சி, கோயில் சுற்றுவதைப் பற்றி வாசித்ததும் எனக்கு மக்காவில் கஃபாவைச் சுற்றி வருகிற தவாப் நினைவு வந்தது. கஃபா இடப்பக்கம் இருக்கத்தான் சுற்றுவோம். கட்டார், சவூதியில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுவதால் சுற்றுவட்டமும் அதே திசைதான். அங்கே வழி விட வேண்டியது இடப்பக்கத்தால் வருகிறவருக்கு. கட்டாரில் பல வருடம் டிரைவராக இருந்தவன் என்பதால் ஊருக்கு வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். வாகனம் நிறைந்த வீதியில் நீங்கள் பக்கம் மாறமாட்டீர்கள், முன்னால் போகிறவரைப் பார்த்தே போய்விடலாம். வெறும் வீதிதான் ஆபத்து. என் மச்சான் லீவில் வந்த புதிதில் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்து, ஆளில்லாத மெயின் வீதியில் வலப்பக்கமே பைக்கை ஏற்றினார். பின்னால் இருந்த நான் கத்திய பிறகுதான் இடப்பக்கம் எடுத்தார். வந்த முதல் கிழமை பைக்கை வீட்டாரிடமே விடுங்கள். நடந்து வீதியைக் கடந்தாலும் முதலில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே பழகிய கண் இடப்பக்கம்தான் போகும்.

கல்லடி

1924-ல் கட்டிய எங்கள் பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்கள்தான் போகலாம். மற்றப் பக்கம் காத்து நிற்கும். 2013-ல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கும் வரை அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிய வாகனம் என்றால் கரையில் நிற்கும் நாங்களே சத்தம் போட்டு எல்லாரையும் ஓரமாக்குவோம். இப்போது இரண்டு பக்கமும் தாராளமாக ஓடுகிறது. ஆனால் 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் சைரன் போட்டு வந்தாலும் முன்னால் போகும் ஆட்டோ அசைவதில்லை. பார்க்க மனம் கொதிக்கிறது. இடப்பக்க சிக்னலைப் போட்டு ஓரமாக ஒதுங்குங்கள் பிள்ளைகளே. பதறிப்போய் நடுவீதியில் பிரேக் அடித்து நிற்கவும் வேண்டாம்.

சம்மாந்துறை

வெட்டுக் காலம் வந்தால் நெல் ஏற்றிய மெசின்கள்தான் (டிராக்டர்கள்) வீதி முழுக்க. திரும்பும்போது மெசினின் தலை அகலமாக வெளியே போகும், பின்னால் இழுத்துவருகிற பெட்டியின் சில்லு மூலையை ஒட்டி உள்ளே வரும். இடப்பக்கம் திரும்புகிற மெசினுக்கு இடப்பக்கத்தால் சைக்கிளை விட்டால் பெட்டிச் சில்லுக்குள் அகப்படுவீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை வீதியோரம் கூட்டிப்போய்க் காட்டியே சொல்ல வேண்டும், வாயால் சொன்னால் விளங்காது. இரவில் இன்னும் மோசம், பல பெட்டிகளுக்குப் பின் லைட் இல்லை. எங்கள் வயல் வட்டையில் உள்ள பெட்டிகளுக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம். நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் யாராவது இதைச் செய்திருந்தால், சேற்றுக்கும் தூசிக்கும் நிலைக்கிற ஸ்டிக்கர் எது, எங்கே வாங்கலாம் என்று சொல்லுங்கள். மிச்சப் பெட்டிகளுக்கு வாங்க வேண்டியிருக்கிறது.