அத்தையின் பத்மினி: 11 வருடம் நின்ற வண்டியில் முதலில் எதைத் தொடுவது?

முசிறிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அத்தையின் 1986 மாடல் பிரீமியர் பத்மினி பற்றிக் கேட்க வந்திருக்கிறேன்.

அத்தை பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். முசிறியிலிருந்து தொட்டியத்துக்குப் பதினெட்டு வருடம் இந்த வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போய் வந்தார். 2014-ல் கண் ஆபரேஷனுக்குப் பிறகு, இனி ஓட்டுவதில்லை என்று கொட்டகையில் நிறுத்தினார். அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. இப்போது அவருக்கு 79 வயது.

போன மாதம் பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் வாசலில் நின்று கொட்டகையைக் காட்டி விலை கேட்டார். அத்தை பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "டேய், இதை ஓட வச்சுத் தர முடியுமாடா? நான் ஓட்ட வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியின் நிலைமை இது. நான்கு டயரிலும் காற்று இல்லை. பின்பக்க இடது சக்கரம் அசையவே மறுக்கிறது. பிரேக்கை மிதித்தால் கால் தரையில் போய் முட்டுகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கிறது. ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது, முன்பக்க ஒயர்களையும் கடித்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு பாடி நன்றாகவே தெரிகிறது. முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியில் அத்தையின் நோட்டு ஒன்று கிடைத்தது. ஆயில் மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், பிளக் மாற்றியது, எல்லாம் அவர் கையெழுத்தில். கடைசி வரி 2013 டிசம்பர்.

பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். "பேட்டரியைப் போட்டு, புது பெட்ரோல் ஊத்தி, டிராக்டர்ல கட்டி இழுத்தா பிடிச்சுக்கும்" என்கிறார். எனக்கு பைக் வேலை ஓரளவு தெரியும், கார் வேலை தெரியாது. இழுக்கலாமா?

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, இழுக்க விடாதீர்கள். நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன். பதினொரு வருடத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் வடிந்து காய்ந்திருக்கும். பிஸ்டன் ரிங் துருவில் லேசாக ஒட்டியிருந்தால், டிராக்டர் இழுக்கிற வேகத்தில் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். வால்வு ஒன்று திறந்தபடி சிக்கியிருந்தால் அதைத் தள்ளும் புஷ் ராடு வளையும். பொறுமையாகச் செய்தால் பிழைக்கிற இன்ஜினை ஒரே இழுப்பில் கொன்றுவிடலாம்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் இன்ஜின் ஆயிலும் டீசலும் சமமாகக் கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் விடுங்கள். மேலே வால்வு மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தும் ராக்கர் மேலும் ஆயில் ஊற்றுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு கையால் திருப்புங்கள். முழுச் சுற்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஆயில் விட்டு இன்னும் இரண்டு நாள். சுற்றும்போது வால்வு எட்டும் மேலே கீழே போகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றிவிட்டால் பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-40 ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, டேஷ்போர்டில் ஆயில் லைட் அணையும் வரை சுற்ற விடுங்கள். லைட் அணைந்தால்தான் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். எலி கடித்த ஒயரைச் சரி செய்யாமல் பேட்டரி இணைக்க வேண்டாம். பழைய வண்டி நெருப்பில் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பெட்ரோல் டேங்கைக் கீழே இறக்கியே ஆகவேண்டும். உள்ளே துருவும் கோந்தும் இருக்கும். அதோடு ஸ்டார்ட் செய்தால் இன்று கார்புரேட்டர் ஜெட் அடைக்கும், நாளை சுத்தம் செய்தால் மறுநாள் திரும்ப அடைக்கும். இன்னொன்று: இப்போது பம்பில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. 1986-ல் போட்ட ரப்பர் அதைத் தாங்காது. ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

பாடி நன்றாகத் தெரிகிறது என்றீர்கள். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் வண்டியையே தாங்குகிறது. தரை விரிப்பைத் தூக்கிவிட்டு, கதவுக்கு அடியில் ஓடும் பகுதியையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும், பின்பக்க ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டிங் வேலை இருக்கிறது. பட்டி பூசி மறைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வையுங்கள்.

---

கோவை ஃபியட் எழுதியது:

அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் வரிசையை மாற்றச் சொல்வேன். இன்ஜினைத் தொடும் முன் பிரேக்கை முடியுங்கள்.

என்னிடம் இருப்பது 1968 ஃபியட் 1100 டிலைட். எட்டு வருடம் நின்றது. நான் இன்ஜினில்தான் ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாசல் வரைக்கும்தானே என்று எடுத்தேன். முதல் மிதிக்கு பிரேக் பிடித்தது, இரண்டாவது மிதிக்குக் கால் தரைக்குப் போனது. எங்கள் வாசல் சரிவு. கேட்டில் போய் நின்றேன். கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் குழந்தை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கேட் பூட்டியிருந்தது, அவ்வளவுதான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நிற்கிற வண்டியில் அந்த ஈரம், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் துருவாக உட்காரும். உங்கள் பின்சக்கரம் பிடித்திருப்பது அதனாலோ, பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டியதாலோ இருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, டிரம்மைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டுங்கள். நான்கு சக்கரமும் டிரம் பிரேக்தான். எல்லா வீல் சிலிண்டரையும் திறந்து பாருங்கள். உள்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. குழாய்கள் துரு பிடித்திருந்தால் அவையும். பிரேக் பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். ஸ்பிரிட்டில் கழுவுங்கள்.

உதிரி பற்றிப் பயப்பட வேண்டாம். டிலைட் 1964-ல் வந்தது, அதே வண்டிதான் பிறகு பத்மினி ஆனது. ஓடும் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சேரும். பம்பாயில் அத்தனை வருடம் டாக்சியாக ஓடிய வண்டி இது. சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் ஒரு நாள் சுற்றினால் பாதி கிடைத்துவிடும். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். கிரில், விளக்கு வளையம், கதவு பீடிங் மாதிரி அழகுச் சாமான்தான் கஷ்டம். உங்களுடையதில் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள்.

---

டெல்டா ரோடு எழுதியது:

ஆர்.சி. புக்கைப் பார்த்தீர்களா தம்பி? 1986 வண்டி என்றால் 2001-க்கு அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்திருந்தாலும் 2016-ல் முடிந்திருக்கும். படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) காட்ட வேண்டும். தாமதத்துக்கு அபராதம் வரும். வரி பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் வேண்டும். ஆர்.சி. முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

முக்கியமாக இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புக்கில் உள்ளபடி தெளிவாகத் தெரிய வேண்டும். பெயின்ட் அடிப்பவர் அந்த இடத்தைத் தேய்த்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். என் அப்பா வண்டியில் அது தேய்ந்துபோய் நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

---

முசிறிக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. டிராக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரேக்கில்தான் ஆரம்பித்தேன், ஐந்து வாரம் ஆகிறது.

பின்சக்கர டிரம்மைக் கழற்ற மூன்று நாள் பிடித்தது. ஷூவின் லைனிங் தனியாகப் பிரிந்து டிரம்மிலேயே ஒட்டியிருந்தது. பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டிலும் குழி. எல்லாவற்றையுமே மாற்றிவிட்டேன். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டார். பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும்போது பிரேக்கை மிதித்தது அவர்தான். "மிதி... பிடி... விடு" என்று நான் கீழிருந்து சொல்ல, ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஸ்குரூ டிரைவர் இரண்டு இடத்தில் உள்ளே போனது. ஓட்டுநர் காலடித் தரையிலும், இடது கதவுக்கு அடியிலும். வெட்டி எடுத்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண் 2209 என்றிருந்தது. 2009-ம் வருடம் 22-வது வாரம். ஸ்டெப்னியோடு ஐந்தையும் மாற்றினேன்.

இன்ஜின் ஆறாவது நாளில்தான் சுற்றியது. போன வியாழக்கிழமை ஆயில் லைட் அணைந்தது, சனிக்கிழமை ஸ்டார்ட் ஆனது. முதலில் மூன்று சிலிண்டர்தான் வேலை செய்தது, பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றியதும் நான்கும் வந்துவிட்டது.

இப்போது ஒரு பிரச்சினை. இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் விழவில்லை, கரகரவென்று சத்தம். இன்ஜினை நிறுத்தினால் ஸ்டியரிங் பக்கத்து லிவரில் நான்கு கியரும் சுத்தமாக விழுகிறது. கிளட்ச் போய்விட்டதா?

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

போகவில்லை தம்பி, ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளேட் துருவில் ஃபிளைவீலோடு பிடித்திருக்கும். முதலில் கிளட்ச் இணைப்பில் தொய்வு இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். எதிரில் யாரும் இல்லாத நீளமான வெற்றிடம் வேண்டும். இரண்டாவது கியரில் போட்டு, செல்ஃபிலேயே வண்டியை நகர்த்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது கிளட்சை அழுத்தியபடியே ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விடுங்கள். டக்கென்று விடுபடும். விடுபடாவிட்டால் சாவியைத் திருப்பி நிறுத்துவதும் பிரேக்கும்தான் உங்கள் கையில் இருக்கும். பிரேக்கை முதலில் முடிக்கச் சொன்ன கோவை நண்பர் சொன்னதே சரி, என் வரிசைதான் தப்பு. அரை மணி நேரத்தில் வரவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்கிவிடுங்கள்.

---

முசிறிக்காரன் எழுதியது:

வந்துவிட்டது அண்ணா! அறுவடை முடிந்த எங்கள் வயலில் நான்காவது சுற்றில் டக்கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. அத்தை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியதும் வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வயலை இரண்டு சுற்று சுற்றினோம். மூன்றாவது கியர் மாற்றும்போது, "இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும், அப்புறம் மாத்து" என்றார்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சோதனைக்கு) அடுத்த வாரம் லாரியில் ஏற்றுகிறோம். ஹாரன் மட்டும் இன்னும் அடிக்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் அடிக்கிறது, ஸ்டியரிங்கில் அழுத்தினால் இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

---

கோவை ஃபியட் எழுதியது:

ஹாரன் நல்லது, எர்த் போய்ச் சேரவில்லை. ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரன் மூடியைக் கழற்றி, கீழே உள்ள பித்தளைத் தொடுபுள்ளியை எமரித் தாளால் தேயுங்கள். அங்கிருந்து கீழே போகும் ஒயரையும் பாருங்கள், எலி அதையும் விட்டிருக்காது. எஃப்.சி. முடிந்ததும் அத்தை வண்டியில் இருக்கும் படம் ஒன்று போடுங்கள்.